தலையில் எத்தனை பூட்டு?

"உங்கள் பூட்டுகளைக் கழுவிய பின் முழுவதும் உலர விடவும். ஈரப் பூட்டுகளோடு தூங்கச் செல்ல வேண்டாம்." வீட்டிலேயே டிரெட்லாக், அதாவது கயிறு கயிறாக இறுகித் தொங்கும் முடி, தொடங்கிப் பராமரிப்பது பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் வந்த வரிகள் இவை. இரண்டு பக்கத்துக்குள் பதினேழு பூட்டு. முதல் தடவை இப்படி ஒன்றைப் பார்த்தபோது சிரித்தேன். இது நான்காவது தடவை.

ஆங்கிலத்தில் லாக் என்பது பார்வைக்கு ஒன்று, சொல் இரண்டு. கதவுக்கு ஒன்று, முடிக்கற்றைக்கு இன்னொன்று. டிரெட் என்றால் அச்சம். 1930களில் ஜமைக்காவில் உருவான ராஸ்தஃபாரி நெறியினர் சொன்ன அச்சம், கடவுளுக்கு அஞ்சும் அச்சம். முடியில் கத்தி படக்கூடாது என்பதற்கு பைபிளில் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து நசரேய விரதத்தைக் காட்டுவார்கள். இன்று இந்த முடி வைத்திருப்பவர்களில் பலர் டிரெட்டை உதறிவிட்டு வெறும் லாக்ஸ் என்கிறார்கள். நம் ஆட்களோ "அச்சப் பூட்டு" என்று இரண்டையும் சேர்த்து மாட்டிவிடுகிறார்கள். சொற்பிறப்பு இவ்வளவுதான்.

பூட்டு அறியாமை, மன்னித்துவிடலாம். என் சண்டை, டிரெட்லாக்குக்குச் சிலர் போடும் "சிக்குமுடி"யோடு. எளிய சொல், நல்ல தமிழ் என்று படித்தவர்களே அதற்குப் பரிந்து பேசுகிறார்கள். எளிமை சரி, பொருள் சரியா? சிக்கு தானாக விழுவது. விழுந்தால் எடுப்போம், எண்ணெய் தடவிப் பிரிப்போம், முடியாவிட்டால் வெட்டுவோம். சிக்கைத் தொடங்குவது, சிக்கைப் பராமரிப்பது என்று யாராவது பேசிக் கேட்டதுண்டா? இந்த முடிக்காரர் செய்வதைப் பாருங்கள். தலையைக் கட்டம் கட்டமாக வகிர்கிறார். ஒவ்வொரு கற்றையையும் நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக எதிர்வாக்கில் வாருகிறார். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுகிறார். வெளியே நீட்டும் மயிரை மெல்லிய குரோஷே ஊசியால் உள்ளே இழுக்கிறார். பக்கத்துக் கற்றைகள் வேரில் ஒட்டிக்கொண்டால் கையால் பிரித்துவிடுகிறார். இது இறுகி நிலைக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இத்தனைக்கும் பெயர் சிக்கா?

உள்ளே நடப்பது சிக்குதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். உதிர்ந்த முடியும் கீழே விழாமல் உள்ளேயே பின்னிக்கொள்கிறது. அழுத்திச் செய்த கம்பளமும் அப்படி மயிரோடு மயிர் சிக்கியதுதான். அதைச் "சிக்குத்துணி" என்று யாரும் விற்பதில்லையே. பொருளுக்குப் பெயர் வைப்பது அது ஆனதை வைத்து.

சடை என்றே சொல்லலாமே என்றால், அந்த வீட்டில் இப்போது பின்னல் குடியிருக்கிறது. "வீட்டிலேயே சடை போடுவது எப்படி" என்று எழுதினால் இரட்டைச் சடையும் ரிப்பனும்தான் கண்ணில் வரும். சடாமுடி உச்சியில் சுற்றிக் கட்டியது, தொங்குவதற்குப் பொருந்தாது. சடையே ஜடா என்ற வடசொல்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். வரட்டும். புறநானூறு 252இல், அருவியில் குளித்துக் குளித்து நிறம் மாறிய ஒருவன் முடியை "தில்லை அன்ன புல்லென் சடை" என்று மாரிப்பித்தியார் பாடிவிட்டார். இத்தனை காலம் குடியிருந்ததை இனி யார் காலி செய்வது?

நான் எழுதுவது புரிசடை. தேவாரத்தில் புழங்கும் சொல். புரிதல் என்றால் முறுக்குதல், வலம்புரிச் சங்கில் இருக்கும் அதே புரி. கயிற்றின் ஒரு முறுக்கிழையும் புரிதான். ஆகவே தலையில் தொங்கும் ஒவ்வொன்றும் ஒரு புரி. உள்ளங்கையில் உருட்டுவதற்குத் திரித்தல் என்ற சொல் தயாராக இருக்கிறது, கயிறும் விளக்குத் திரியும் திரிப்பதுபோல. இந்தச் சொற்களில் வேலையின் நுணுக்கத்தையும் சொல்லிவிடலாம். வலம்புரியாகத் திரித்த புரியை அடுத்த முறையும் வலம்புரியாகவே திரிக்க வேண்டும், மாற்றித் திரித்தால் அவிழும். இதே குறிப்பு நான் திருத்திய தாளில் எப்படி இருந்தது தெரியுமா? "பூட்டுகளை நிலையான திசையில் சுழற்றவும்." சாவியைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் குழம்பினேன்.

புரிசடை கோயில் வாசனை அடிக்கிறது என்று பதில் வந்தது. அடிக்கட்டுமே, நாலு தடவை எழுதினால் போய்விடும். பதினேழு இடத்திலும் மாற்றி அனுப்பினேன். ஆனால் கடைசிப் பத்தியில், எண்ணிக்கையிலேயே சேராத ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வேரை அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த இடத்தில் முடி கொட்டும், வழுக்கைகூட விழலாம் என்ற நல்ல எச்சரிக்கை அது. அதன் முடிவில், "அப்படி நேர்ந்தால் உடனே ஒரு பூட்டு நிபுணரை அணுகவும்."