எறும்புகள் அசையாத நேரத்தில் முட்டையிடும் வண்டு

சிங்கப்பூர் தேக்காவில் காப்பித்தூள் வாங்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "இயற்கை வேளாண்மைக் காப்பி என்று கூடுதல் விலை சொல்கிறார்களே, அந்தத் தோட்டங்களில் எறும்பு, பூச்சியெல்லாம் உண்மையிலேயே அதிகமா?"

பெரும்பாலும் ஆம். பூச்சிக்கொல்லி தெளித்தால் எறும்பும் சாகும், அது தெரிந்ததுதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் நிழல். விளைச்சலைக் கூட்ட நிழல் மரங்களை வெட்டினால், எறும்புகள் கூடு வைக்கும் உளுத்த குச்சியும் மரப்பொந்தும் சருகும் போய்விடும். மருந்தே அடிக்காவிட்டாலும் போய்விடும். இயற்கை வேளாண்மை முத்திரை ரசாயனத்தைத் தடுக்கிறதே தவிர, மரம் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்வதில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் பறவைநேய முத்திரைதான் 40 விழுக்காடு நிழலையும் சேர்த்துக் கேட்கிறது. ஏற்காடு, குடகுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: மரம், மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காப்பி. எறும்புக்கு அது சொர்க்கம்.

சரி, எறும்பு இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் ஃபின்கா இர்லாண்டா என்றொரு தோட்டம். இயற்கை முறையில் நடப்பது, நிழல் மரங்கள் நிறைந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இவெட் பெர்ஃபெக்டோவும் ஜான் வாண்டர்மீரும் பல ஆண்டுகளாக அங்கே 45 ஹெக்டேரில் எறும்புக் கூடுகளை வரைபடமாக்கி வருகிறார்கள். அங்குள்ள அஸ்டெகா எறும்பு நிழல் மரத்தில் கூடு கட்டும். நம் ஊர் மாமரத்து முசுறு போலத்தான், பக்கத்தில் யாரையும் அண்டவிடாது. கீழே காப்பிச் செடியில் சாறு உறிஞ்சும் பச்சைச் செதில் பூச்சிகளை அது காவல் காக்கிறது. கூலி, அவை கழிக்கும் இனிப்பு நீர்.

செதில் பூச்சியைத் தின்ன ஒரு பொறிவண்டு வரும். எறும்பு அதை விரட்டும், அதன் முட்டை கிடைத்தாலும் விடாது. வண்டின் புழுவுக்கு மட்டும் கவலையில்லை. உடல் முழுக்க மெழுகு இழைகள் இருப்பதால் கடிக்க வரும் எறும்பின் வாயில் மெழுகு ஒட்டிக்கொள்ளும். ஆகவே புழு எறும்புக் காவலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து செதில் பூச்சிகளைத் தின்கிறது. புழுவைத் தேடிவரும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் எறும்புகளே துரத்திவிடுகின்றன! ஆனால் அங்கே முட்டையிடுவது எப்படி?

இங்கேதான் ஃபோரிட் ஈ வருகிறது. அது எறும்பின் உடலுக்குள் முட்டையைச் செலுத்தும். பொரித்த புழு எறும்பின் தலைக்குள் வளர்ந்து, கடைசியில் தலையே கழன்று விழும். ஈயைக் கண்ட எறும்பு எச்சரிக்கை பெரோமோனை, அதாவது மற்ற எறும்புகளுக்குச் சேதி சொல்லும் வாசனைப் பொருளை, வெளியிடுகிறது. ஈ அசைவைப் பார்த்துத்தான் குறிவைக்கும் என்பதால், சுற்றியுள்ள எறும்புகள் அப்படியே நின்றுவிடுகின்றன. அந்தப் பெரோமோன் தாய் வண்டின் மூக்கிலும் படுகிறது. சினைப்பட்ட பெண் வண்டுகள் அந்த வாசனையைத் தேடி வருகின்றன என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. காவலர்கள் அசையாத அந்த நேரத்தில், எறும்பு கண்டுபிடிக்க முடியாத இடுக்கில் வண்டு முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. எறும்பு தன் கூட்டத்தாருக்குச் சொன்ன ரகசியத்தை எதிரி ஒட்டுக்கேட்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

ஆண்டுக்கணக்கில் எறும்புக் கூடு எண்ணுவதற்கு நிதி கேட்டால் எந்தக் குழுவும் முதலில் சிரிக்கும். மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டுமே காசு கொடுக்கும் பழக்கம் இருக்கும்வரை, இந்த மாதிரிக் கதைகள் யார் கண்ணிலும் படாமலே போகும்.

அப்புறம், செதில் பூச்சியைக் காக்கும் எறும்பைக் கொன்றுவிடலாமே என்று தோட்டக்காரருக்குத் தோன்றும். அவசரப்படக்கூடாது. காப்பிக் காயைத் துளைக்கும் வேறொரு வண்டைக் கட்டுப்படுத்துவதில் அதே அஸ்டெகாவுக்கும், குச்சிகளில் வாழும் சிற்றெறும்புகளுக்கும் பங்குண்டு. எறும்புக் காவலில் செதில் பூச்சிகள் நெருக்கமாகப் பெருகும் இடத்தில் ஒரு வெள்ளைப் பூஞ்சை தொற்றுகிறது. அது செதில் பூச்சியோடு நிற்காமல் இலைத்துரு நோயின் பூஞ்சையையும் தாக்கும். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, காப்பித் தோட்டங்களை அழித்து, தீவையே தேயிலைக்கு மாற்றியது அந்த இலைத்துருதான்.