கருப்பட்டில அஸ்கா கலந்திருக்கா? கார்பன்கிட்டயே கேட்டுடலாம்

போன வாரம் பெருந்துறைல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. "ஏந்தம்பி, குன்னத்தூர் பக்கம் போனா தென்னங்கருப்பட்டி வாங்கிட்டு வருவோம், அதை உடைச்சா உள்ள மினுமினுன்னு இருந்தா அஸ்கா, அதான் கரும்புல வர்ற வெள்ளைச் சர்க்கரை, கலந்ததுன்னு ஒரு வீடியோல சொல்றாங்க, தண்ணில போட்டு சீக்கிரம் கரைஞ்சா கலப்படம்னு இன்னொரு வீடியோல சொல்றாங்க, எங்க மாமியா எறும்பு மொய்ச்சாத்தான் நல்ல கருப்பட்டிங்கறாங்க, இதுல எதை நம்பறது?"

எதையும் நம்ப வேண்டாங்கக்கா. மாமியாகிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.

எறும்புக்கு வேணுங்கறது இனிப்பு, அது பனைல வந்துதா கரும்புல வந்துதான்னு அது கேக்கறதில்ல. மினுமினுப்பு வர்றது பாகு எவ்வளவு பதமா காஞ்சுது, எவ்வளவு வேகமா ஆறுச்சுங்கறதைப் பொறுத்தது. கரையற வேகம் கட்டி எவ்வளவு இறுக்கமா இருக்குங்கறதைப் பொறுத்தது. கலப்படமே இல்லாத கருப்பட்டியும் இந்த டெஸ்ட்ல ஃபெயில் ஆகும், பாதி அஸ்காவும் பாஸ் ஆகும்.

சரி லேப்ல குடுத்தா? இங்கதான் விசயமே இருக்கு. கருப்பட்டி காச்சறது தெளுவுல, அதாவது மரத்துல எறக்கற பதனில. அதுல இருக்கற இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். அஸ்கா அப்படிங்கறதும் சுக்ரோஸ்தான். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், ரெண்டுலயும் அச்சு அசல் அதே மூலக்கூறு. சாதாரண லேப்ல மொத்த சர்க்கரை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவுன்னு பாப்பாங்க, அதுல எல்லாம் சரியாத்தான் வரும். ஒரு கடைல இப்படி ஒரு ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி மாட்டியிருந்ததை நான் நின்னு படிச்சேன், அதுல சுக்ரோஸ் இத்தனை சதவீதம்னு இருக்கு, கீழ கடைக்காரர் தனியா பிரிண்ட் எடுத்து "100% சுத்தமானது"ன்னு ஒட்டியிருக்கார். லேப் பொய் சொல்லல. அவங்ககிட்ட கேட்ட கேள்வியே வேற, அவ்வளவுதான்.

மஞ்சள்தூள்ல லெட் குரோமேட் போட்டாங்கன்னா ஈயத்தைத் தேடலாம், மிளகாத்தூள்ல சூடான் சாயம் போட்டா அந்த சாயத்தைத் தேடலாம், ரெண்டும் அங்க இருக்கவே கூடாத பொருள், பிரிச்சு எடுத்துக் காட்டிட்டா முடிஞ்சுது. சர்க்கரைக்குள்ள சர்க்கரையைக் கலந்தா எதைத் தேடறது? பொருள்ல வித்தியாசம் இல்லாதப்ப, அது எந்த ஊர்ல பொறந்துதுன்னு கேக்கணும். அதுக்கு வழி இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

கார்பன்ல ரெண்டு வகை நெலையா இருக்குன்னு பத்தாவதுலயே படிச்சிருப்பீங்க, கார்பன்-12, கார்பன்-13. நூத்துல 99 கிட்ட லேசானது, ஒண்ணே ஒண்ணுதான் கனமானது. ரெண்டும் வேதியியல்ல ஒரே மாதிரிதான் நடந்துக்கும். ஆனா முழுக்க ஒரே மாதிரி இல்ல. கனமானது கொஞ்சூண்டு சோம்பேறி, வினைல சேர துளி நேரம் அதிகம் எடுத்துக்கும். அந்தத் துளி சோம்பேறித்தனத்துலதான் நம்ம கருப்பட்டிக் கதை மொத்தமும் தொங்கிட்டு இருக்கு.

இலைக்குள்ள காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடைப் புடிக்கற நொதிக்கு ரூபிஸ்கோன்னு பேரு. தென்னை, பனை, நெல்லு, மஞ்சள், வாழை, பருத்தி எல்லாத்துலயும் இவர்தான் நேரடியா வாசல்ல நின்னு புடிக்கறார். உழவர் சந்தைல தக்காளிக் கூடை முன்னாடி உக்காந்து பொறுக்கற ஆளை நெனைச்சுக்கோங்க. நல்லதாப் பாத்து எடுத்துட்டு மிச்சத்தை அப்படியே கூடைல விட்டுட்டு வந்துடுவார், கடைக்காரரும் மேல மேல கொட்டிட்டே இருப்பார். ரூபிஸ்கோவும் அதே மாதிரி லேசான கார்பனை அதிகமா எடுத்துட்டு கனமானதுல கொஞ்சத்தை விட்டுடறார், விட்டது இலைத்துளை வழியா வெளிய போயிடுது. வெளிய போக வழி இருக்கறதாலதான் பொறுக்கவே முடியுதுங்கறதை மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப கரும்புக்கு வாங்க. கரும்புல வாசல்ல நிக்கறது வேற ஒரு நொதி, பெப் கார்பாக்சிலேஸ். அதுக்கு இந்தப் பொறுக்கற பழக்கம் ரொம்பக் கம்மி, வந்ததை அள்ளி நாலு கார்பன் இருக்கற ஒரு அமிலமா மாத்தி, இலை நரம்பைச் சுத்தி தடிச்ச சுவரோட இருக்கற உள் அறைக்கு அனுப்பிடும். அங்க போய் அமிலம் உடைஞ்சு மறுபடி கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது, அங்க உக்காந்திருக்கறது யாருன்னு பாத்தா அதே ரூபிஸ்கோ! அதே பொறுக்கி எடுக்கற ஆளுதான். ஆனா இப்ப அவர் உழவர் சந்தைல இல்ல, ரேசன் கடை வரிசைல நிக்கறார். பைல கொட்டுனதைத்தான் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போகணும். அறை மூடி இருக்கறதால வேண்டாம்னு விட்ட கனமான கார்பன் வெளிய போக முடியாம அங்கயே சுத்திட்டு இருக்கு, கடைசில அதையும் சேர்த்து ஆக்கித்தான் ஆகணும். அதனால கரும்புச் சர்க்கரைல கனமான கார்பன் கொஞ்சம் கூட.

முத ரகத்துக்கு சி3ன்னும் ரெண்டாவது ரகத்துக்கு சி4ன்னும் பேரு வெச்சிருக்காங்க. இதைக் கண்டுபுடிச்சதும் கரும்பு வெச்சுதான். ஹவாய்ல கரும்புத் தோட்டக்காரங்க சங்கத்தோட ஆராய்ச்சிக்கூடத்துல கோர்ட்சாக்ங்கறவரும் கூட்டாளிகளும் கதிரியக்கக் கார்பனை இலைக்குக் குடுத்துப் பாத்தாங்க, மூணு கார்பன் பொருள் முதல்ல வரும்னு புத்தகம் சொல்லுது, அதுக்குத்தான் கால்வினுக்கு 1961ல நோபலே குடுத்தாங்க, இங்க என்னடான்னா நாலு கார்பன் வருது. ஆஸ்திரேலியால பிரிஸ்பேன்ல ஒரு சர்க்கரைக் கம்பெனி லேப்ல இருந்த ஹேட்ச்சும் ஸ்லாக்கும் 1966ல இருந்து இந்த வழியைப் படிப்படியா விளக்குனாங்க. தேன்ல கலப்படம் புடிக்கவோ கருப்பட்டியை டெஸ்ட் பண்ணவோ யாரும் அப்ப நெனைக்கல. "இதனால என்ன பிரயோசனம்"னு முத நாளே கேட்டு காசை நிறுத்தற அதிகாரி யாராச்சும் அங்க இருந்திருந்தா இந்தக் கட்டுரையே இல்லைங்க.

நம்ம ஊருல இன்னொரு வேடிக்கை. கம்பு, சோளம், ராகி, மக்காச்சோளம் எல்லாம் சி4 கூட்டம். காங்கேயம் மாடு மேயற கொழுக்கட்டைப்புல்லும் சி4. கார்பன் தின்ன வழில தொடர்ந்து வரும், அதனால மேட்டாங்காட்டுல புல்லும் சோளத்தட்டும் தின்ன மாட்டோட பாலும் வெண்ணெயும் கரும்பு பக்கம் சாஞ்சிருக்கும், கம்மங்களி தின்னே வளந்த அப்பாரு தலைமுடியும் அரிசி மட்டும் தின்ன பேரன் தலைமுடியும் மெஷின்ல வேற வேற எண் காட்டும்.

எவ்வளவு வித்தியாசம்னு கேட்டா சிரிப்பீங்க. பத்து லட்சம் கார்பன் அணு எடுத்தா கரும்புச் சர்க்கரைல கனமானது கிட்டத்தட்ட 10,920, தென்னைல 10,770. 150 அணு. இந்த 150ஐ எண்ணற மெஷின்தான் ஐசோடோப் விகித நிறை நிறமாலைமானி, பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். ஒரு மில்லிகிராமுக்கும் கம்மியான கருப்பட்டித் தூளை வெள்ளீயக் குப்பில மடிச்சு ஆயிரம் டிகிரி உலைல ஆக்சிஜனோட போடுவாங்க, வெள்ளீயமே பத்திக்கிட்டு எரியறதுல சர்க்கரை முழுக்க கார்பன் டை ஆக்சைடா மாறிடும், தண்ணியை வடிகட்டிட்டு ஹீலியம் அதைத் தள்ளிட்டுப் போகும், எலக்ட்ரானால அடிச்சு மின்னூட்டம் ஏத்தி காந்தத்துக்கு நடுவுல விடுவாங்க. திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவுலயும் கரும்பு லாரி அகலமா வட்டம் அடிச்சுத் திரும்பும், மொபெட்டு ஒடிச்சு ஒடிச்சுத் திரும்பிடும், அதே கதைதான். நிறை 44 இருக்கறது அதிகமா வளையும், 45 கொஞ்சம் கம்மியா, 46 இன்னும் கம்மியா. மூணும் போய் விழற இடத்துல மூணு கிண்ணம்.

ஏன் மூணு கிண்ணம், ஒரே கிண்ணத்துல ஒண்ணொண்ணா எண்ணக் கூடாதான்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். விடை தெரிஞ்சப்ப எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வந்தேன், அவ்வளவு அழகு. மெஷின்ல கற்றை நொடிக்கு நொடி ஏறி இறங்கும், நம்ம வீட்டு வோல்டேஜ் மாதிரி. ஒண்ணொண்ணா எண்ணுனா 44ஐ எண்ணறப்ப ஏத்தம், 45ஐ எண்ணறப்ப இறக்கம்னு ஆகி அந்த 150 அணு தொலைஞ்சு போயிடும். மூணையும் ஒரே நேரத்துல புடிச்சா ஏறுனா மூணும் சேர்ந்து ஏறும், இறங்குனா மூணும் சேர்ந்து இறங்கும், விகிதம் அசையாது. ஆட்டத்தை நிறுத்த முடியலைன்னா ஆட்டம் விடைல தெரியாத மாதிரி கேள்வியை மாத்திட்டாங்க.

அப்பறம் அளவுகோல். அமெரிக்கால தெற்கு கரோலினால பீ டீங்கற பாறை அடுக்குல கெடைச்ச பெலம்னைட்டுங்கற கடல் உயிரோட புதைபடிவச் சுண்ணாம்பை பூஜ்யம்னு வெச்சுக்கிட்டாங்க. எல்லா லேப்பும் சுரண்டிச் சுரண்டி அந்தக் கல்லே தீர்ந்து போச்சு, இப்ப வியன்னால இருக்கற சர்வதேச அணுசக்தி முகமை வேற பொருளை வெச்சு அதே அளவுகோலைக் காப்பாத்துது. பூஜ்யத்தை விட ஆயிரத்துக்கு எத்தனை கம்மின்னு சொல்லுவாங்க. காத்து மைனஸ் 8 சொச்சம், தென்னையும் பனையும் மைனஸ் 26 வாக்குல, கரும்பு மைனஸ் 12 வாக்குல. உங்க கருப்பட்டி மைனஸ் 19னு வந்தா நட்ட நடுவுல நிக்குது, பாதிக்குப் பாதி அஸ்கான்னு அர்த்தம். மைனஸ் 21.8னா முப்பது சதவீதம். கூட்டல் கழித்தல் கணக்குதான்.

நம்பகம்ங்கறது மெஷினோட விலைல இல்ல, இந்த எடத்துல இருக்கு. நல்ல லேப் உங்க சாம்பிளை மட்டும் ஓட்டாது. வெறும் குப்பியை ஓட்டும், பதில் தெரிஞ்ச பொருளை முன்னயும் பின்னயும் ஓட்டும். அந்த அணுசக்தி முகமையே மதிப்பு மைனஸ் 10.45ன்னு குறிச்ச சர்க்கரைத்தூள் ஒண்ணு விக்கிது, அன்னைக்கு அதுக்கு மைனஸ் 10ன்னு வந்துதுன்னா அன்னைக்கு ஓட்டுனது எல்லாம் குப்பைக்குத்தான். தெளுவு புளிக்காம இருக்க மரத்துல கட்டற முட்டில, அதான் பானைல, சுண்ணாம்பு தடவறாங்கல்ல, அதுல இருந்து வர்ற கார்பன் கணக்குல சேராம பாத்துக்கணும். லேபுகளுக்குக் குடுக்கற என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கான்னு பாக்கறவங்க அதோட நிறுத்திடாதீங்க, அங்கீகாரம் டெஸ்ட் வாரியாத்தான் குடுப்பாங்க, தண்ணி டெஸ்டுக்கு வாங்குனதைக் காட்டி கருப்பட்டி ரிப்போர்ட் குடுத்தா அது செல்லாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுக்கற சாம்பிளை 2006 சட்டம் நாலு பங்கா பிரிக்கச் சொல்றதும் இதுக்குத்தான், ஒரு லேப் சொன்னதை இன்னொரு லேப்ல கேக்க வழி இருக்கணும்.

இதோட ஓட்டையையும் சொல்லிடறேன். தென்னைக்குத் தென்னை, வறட்சிக்கு வறட்சி ஒண்ணு ரெண்டு எண் மாறும். 14 எண் இடைவெளில ஒரு எண்ணுங்கறது ஏழு சதவீதம், அதனால அஞ்சு பத்து சதவீதம் கலந்தவன் தப்பிச்சுடுவான். தேன்ல இதுக்கு ஒரு தந்திரம் இருக்கு, தேனுக்குள்ள இருக்கற புரதத்தைத் தனியா எடுத்து அதோட எண்ணையும் பாப்பாங்க, புரதம் தேனீயோடது, சர்க்கரையைக் கலந்தவன் அதை மாத்த முடியாது, ரெண்டு எண்ணும் ஒண்ணுக்கு மேல வெலகுனா சந்தேகம். கருப்பட்டில அந்த மாதிரி சாட்சி சொல்ல ஆளில்ல. அதுக்கு குன்னத்தூர், ஊத்துக்குளி, பொள்ளாச்சின்னு மரத்தடில நின்னு நம்ம கண்ணு முன்னாடி காச்சுன கருப்பட்டியை வருசக்கணக்கா சேர்த்து எண் போட்டு வெக்கணும். யாரும் பேப்பர்ல படம் போடாத சலிப்பான வேலை, அதனால அதுக்கு நிதி கேட்டா கெடைக்கறது கஷ்டம். கோடிக்கணக்குல மெஷின் வாங்கி ரிப்பன் வெட்டறதுக்கு மட்டும் எப்பவும் ஆள் ரெடி.

இன்னொண்ணு, மைனஸ் 26 வந்துட்டா சுத்தம்னு அர்த்தமில்ல, கரும்பு இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். அரிசிப் பாகு சி3, அதைக் கலந்தா இந்த மெஷின் வாயே தொறக்காது. 2020 டிசம்பர்ல டெல்லில இருக்கற சி.எஸ்.இ.ங்கற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு சொன்னது இதைத்தான், இங்க பாஸான தேன் பலதும் ஜெர்மனில என்எம்ஆர்ங்கற வேற வகை டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சுன்னாங்க, கம்பெனிங்க மறுத்தாங்க. டெஸ்ட் என்னன்னு தெரிஞ்சவன் அதுக்குத் தகுந்த பாகைத் தேடறான், அப்பறம் லேப்காரங்க வேற டெஸ்டைத் தேடறாங்க.

அப்பறம் சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு கருப்பட்டி ஒண்ணும் பண்ணாதுன்னு அதே வீடியோல சொல்றாங்களாமே. கார்பன்-13 கணக்கெல்லாம் மெஷினுக்குத்தான் தெரியும், கணையத்துக்குத் தெரியாது. அதுக்கு ரெண்டும் சுக்ரோஸ்தான்.

இதை எல்லாம் சொல்லி முடிச்சதும் அக்கா விடல. "அப்ப கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைல அஸ்கா கலந்தா இதே மெஷின் சொல்லிடுமா?"

சொல்லாதுங்கக்கா. நாட்டுச் சர்க்கரையும் கரும்பு, அஸ்காவும் கரும்பு, ரெண்டுக்கும் ஒரே எண்தான் வரும். சாம்பலும் தாதுவும் கொறஞ்சிருக்கான்னு பாத்து ஒரு சந்தேகம் கெளப்பலாம், ஆனா மண்ணுக்கு மண்ணு அதுவும் மாறும். அதனாலதான் சோதனைக்குப் போற அதிகாரிங்க வெல்லத்தை எடுத்து லேபுக்கு அனுப்பறதோட, வெல்லம் காச்சற ஆலைக்கொட்டாய்க்குப் பின்னாடி போய் அஸ்கா மூட்டை அடுக்கி வெச்சிருக்காங்களான்னும் பாக்கறாங்க.