ஒரே ஜிமெயில் போட்டால் எல்லாம் வந்துவிடுமா?

புதுக் கைபேசி வாங்கிய கையோடு என் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "அதே ஜிமெயிலைத்தான் போட்டேன், எதுவும் வரவில்லை." பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகளாகக் கைபேசி பழுது பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை, தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வருவார்கள். கழற்றிப் பார்த்தால் பழுது எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். இப்போது கருவியில் ஒரு குறையும் இல்லாமல், ஒரு போனில் இருந்தது இன்னொரு போனில் இல்லையே என்ற கவலையோடு நாள்தோறும் யாராவது வந்து நிற்கிறார்கள். கையில் ஒரு போன், வீட்டில் மகன் வாங்கித் தந்த டேப்லெட், மேசை இழுப்பறையில் பழைய போன் என்று ஒருவருக்கே மூன்று கருவிகள் இருக்கும் காலத்தில், ஜிமெயில் கணக்கு என்பது எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஒரு பெட்டகம் என்று மக்கள் நம்பிவிட்டார்கள். அது உண்மையில்லை. ஒவ்வொரு செயலியும் தன் தகவலைத் தனக்கென்று ஓர் இடத்தில், தனக்கென்று ஒரு விதிப்படி வைத்திருக்கிறது. அந்த விதி தெரியாமல் பழைய போனைக் கைவிடுவதால் வரும் இழப்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடந்த ஆடி மாதக் கடைசியில் தையல் கடை நடத்தும் ஒரு பெண்மணி வந்தார். பழைய போனின் திரை பாதி கறுத்துவிட்டதால் புதிது வாங்கியிருந்தார். வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவுகள் அனைத்தையும் வாட்ஸ்அப்பில், தமக்குத் தாமே அனுப்பிக்கொள்ளும் செய்திகளாகவே அவர் சேர்த்து வைத்திருந்தார். நோட்டில் எழுதிய அளவின் படம் ஒன்று. அதன் கீழே, "பின் கழுத்து இறக்கம் கூட்டணும், கை முட்டிக்கு மேல நிக்கணும்" என்று அவருடைய குரலிலேயே ஒரு பதிவு. புதுப் போனில் இவை ஒன்றுகூட இல்லை. "ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பதினோரு ரவிக்கை குடுக்கணும் அண்ணாச்சி, துணியெல்லாம் வெட்டாமக் கிடக்கு" என்றார்.

புதுப் போனைத் திறந்து பார்த்தபோது, அதில் இருந்த ஜிமெயில் அவருக்கே தெரியாத ஒன்றாக இருந்தது. போன் விற்ற இடத்தில், பழைய கடவுச்சொல் நினைவில் இல்லை என்று அவர் சொன்னதும், அவர் பெயரோடு நான்கு எண்களைச் சேர்த்துப் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனை குடும்பங்களின் தகவல்களைச் சிதறடித்திருக்கிறது என்பதை என்னைப் போன்றவர்கள்தான் அறிவோம். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் பேக்கப்பை, அதாவது இணையத்தில் சேர்த்து வைத்த செய்திகளின் நகலை, தொலைபேசி எண், கூகுள் கணக்கு ஆகிய இரண்டையும் சேர்த்தே தேடுகிறது. எண் அதுவாகவே இருந்தாலும் கணக்கு மாறிவிட்டால், பேக்கப் எதுவும் இல்லை என்றே அது சொல்லும். சொன்னதும் பலர் 'தவிர்' என்பதை அழுத்திவிட்டு மேலே போய்விடுகிறார்கள். பழைய கணக்கே சரியாக இருந்து, அவசரத்தில் அப்படித் தவிர்த்துவிட்டால் கேடு இன்னும் பெரிது. இரவில் எடுக்கப்படும் புதிய பேக்கப் பழையதன்மேல் எழுதப்பட்டுவிடும்.

அவருடைய மகளைத் தொலைபேசியில் பிடித்துப் பழைய ஜிமெயிலின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினோம். வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினோம். பேக்கப் கிடைத்துவிட்டது என்று நான் நிமிர்வதற்குள், அது வேறொரு கடவுச்சொல்லைக் கேட்டது. வாட்ஸ்அப் 2021-இல் பேக்கப்புக்கும் முழு மறையாக்க வசதியை, அதாவது உரியவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதைப் போடுகிறவர் தாமே ஒரு கடவுச்சொல்லையோ, 64 இலக்கச் சாவி ஒன்றையோ வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது மறந்துபோனால் நிறுவனத்தாலும் அந்தப் பேக்கப்பைத் திறந்து தர முடியாது. தங்கை மகன் ஏதோ ஒரு நாள் பாதுகாப்புக்காகப் போட்டுக் கொடுத்தான் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. என்ன போட்டான் என்பது அவனுக்கே நினைவில்லை.

"பழைய போன் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"பையிலதான் இருக்கு அண்ணாச்சி. நாளைக்கு எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்க வர்றாங்க."

அந்த ஒரு நாள்தான் அவரைக் காப்பாற்றியது. பழைய போனுக்கு டிஸ்ப்ளே மாற்றி, சிம்மை அதில் போட்டு, எண்ணை மறுபடி உறுதி செய்ததும் செய்திகள் அனைத்தும் அப்படியே இருந்தன. புதுப் போனில் எண்ணைப் பதிவு செய்ததால் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறியிருந்ததே தவிர, உள்ளே இருந்த எதுவும் அழியவில்லை. பிறகு இரண்டு போன்களையும் அருகருகே வைத்து, புதுப் போனில் தோன்றிய கியூஆர் குறியீட்டைப் பழைய போனால் ஸ்கேன் செய்து, இணையப் பேக்கப் எதையும் தொடாமல் நேரடியாக மாற்றினோம். 2023 முதல் இந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது இதில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பழைய போன் கையில் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆழமானது. சிங்க் ஆகிறது என்பதையும் பேக்கப் இருக்கிறது என்பதையும் மக்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சிங்க் என்றால் எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலை. ஒன்றில் சேர்த்தால் எல்லாவற்றிலும் சேரும், ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், டேப்லெட்டில் இடமில்லை என்று அறிவிப்பு வந்ததால், கூகுள் போட்டோஸ் செயலியைத் திறந்து நான்கு ஆண்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறார். போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்பது அவருடைய கணக்கு. பேரனின் காதுகுத்துப் படத்தைத் தேடியபோதுதான் போனிலும் அவை இல்லை என்று தெரிந்தது. "நான் டேப்லெட்லதானே அழிச்சேன் தம்பி" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதில் இருந்த வேதனை இன்னும் என் காதில் இருக்கிறது. பேக்கப் ஆன படங்களை அந்தச் செயலியில் அழித்தால் அவை 60 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அவர் ஏழாவது வாரத்தில் வந்ததால் மீட்டுக் கொடுக்க முடிந்தது. ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான், அவகாசம் மட்டும் ஏறக்குறைய 30 நாள்கள். கருவியில் மட்டும் இடத்தைக் காலி செய்ய வேண்டுமென்றால், அதற்கென்றே கூகுள் போட்டோஸில் தனி வசதி இருக்கிறது; ஏற்கெனவே பேக்கப் ஆனவற்றின் உள் நகலை மட்டும் அது நீக்கும். அவர் தேடியது அதைத்தான். அழிக்கும் பொத்தான் முன்னால் நின்றதால் அதை அழுத்திவிட்டார்.

செயலிகளுக்கு வருவோம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செயலிகளின் தகவலை இயங்குதளமே கூகுள் கணக்கில் சேர்த்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் இடம். அதுவும் வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமை செயலியை உருவாக்கியவருக்கு உண்டு. ஆகவே புதுப் போனில் செயலியின் சின்னம் வந்து உட்கார்ந்துவிடும். உள்ளே இருந்தது வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒருவர் ஓர் இலவசக் கணக்குச் செயலியில் எட்டு மாத வரவு செலவை எழுதி வந்தார். போனை ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருந்த அனைத்தையும் அழித்து, மறுபடி நிறுவியபோது செயலி வந்தது, ஒரு வரிக் கணக்கும் வரவில்லை. அந்தச் செயலி தகவலைப் போனுக்குள் மட்டுமே வைத்திருந்தது. இதை அறிய ஒரு வழி இருக்கிறது: செயலி உங்களிடம் கணக்கு தொடங்கி உள்நுழையச் சொல்லவே இல்லை என்றால், அதன் தகவல் அந்தப் போனைத் தாண்டி எங்கும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் ஏற்றுமதி என்ற வசதி இருந்தால் மாதம் ஒரு முறை கோப்பாக எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

பேக்கப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றப்படும் படங்களும், 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இடம் நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பு வரும், நாம் தள்ளிவிடுவோம். என்னிடம் வரும் ஒவ்வொருவருடைய வாட்ஸ்அப்பிலும் சாட் பேக்கப் பக்கத்தைத் திறந்து, கடைசி பேக்கப் எந்தத் தேதியில் ஆகியிருக்கிறது என்று காட்டுகிறேன். பல மாதங்களுக்கு முந்தைய தேதியைப் பார்த்துத் திகைப்பவர்களே அதிகம்.

தொடர்பு எண்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிம்மிலும் போன் நினைவகத்திலும் சேமித்தவை தாமாக எந்த ஜிமெயிலுக்கும் போய்விடும் என்று நம்ப முடியாது. புதிய எண்ணைச் சேமிக்கும்போது மேலே எந்தக் கணக்கு தெரிகிறது என்று பார்த்துச் சேமித்தால் போதும்.

யுபிஐ செயலிகள் மட்டும் வேறு வகை. அவை புதுப் போனுக்குத் தாமாக வராததைப் பலர் பழுது என்று நினைத்து என்னிடம் கோபப்படுகிறார்கள். அவை சிம்மோடும் கருவியோடும் சேர்த்துக் கட்டப்பட்டவை. புதுப் போனில் பதிவு செய்யும்போது வங்கியில் பதிந்த எண்ணிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போயாக வேண்டும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் தவறான சிம்மைத் தேர்ந்தெடுப்பதும், ரீசார்ஜ் முடிந்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போகாததும்தான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். போனோடு சிம்மையும் மாற்றியவர்கள் ஒரு நாள் பொறுக்க வேண்டும். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வசதியை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டது. எம்ஆதார் செயலியிலும் ஒருவரின் விவரம் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் இயங்கும். இவை நம் பணத்துக்கும் அடையாளத்துக்கும் போட்ட பூட்டுகள். இந்தச் சிரமத்தை நான் குறையாக எண்ணவில்லை, நீங்களும் எண்ண வேண்டாம்.

அலுவலகக் கணக்குகளில் உள்நுழைய ஆறு இலக்கக் குறியீடு காட்டும் கூகுள் ஆத்தென்டிகேட்டரை வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரல் வரை அந்தக் குறியீடுகள் போனுக்குள் மட்டுமே இருந்தன. அதன் பிறகு கணக்கோடு சிங்க் ஆகும் வசதி வந்தது என்றாலும், செயலிக்குள் உள்நுழைந்திருந்தால்தான் அது நடக்கும். உள்நுழையாமல் ரீசெட் செய்துவிட்டு, வேலைக்கான மின்னஞ்சலையே திறக்க முடியாமல் தவித்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: புதுப் போன் வந்த நாளிலேயே பழையதை ரீசெட் செய்யாதீர்கள், முடிந்தால் ஒரு மாதம் வைத்திருங்கள். சம்பள நாள், கேஸ் பதிவு, மின்கட்டணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று ஒரு மாதச் சுற்றில்தான் நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாம் ஒரு முறையாவது திறக்கப்படும். எது வரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அதற்காக ஆறு மாதம் பீரோவில் போட்டுவைத்துவிட்டு, பேக்கப் இணையத்தில் இருக்கிறது என்று நம்பியும் இருக்க வேண்டாம். 57 நாள்கள் பயன்படுத்தப்படாத ஆண்ட்ராய்டு கருவியின் பேக்கப்பைக் கூகுள் அழித்துவிடக்கூடும். எக்ஸ்சேஞ்சில் வாசலிலேயே பழைய போனை வாங்கிக்கொள்வார்கள் என்றால், புதுப் போன் வருவதற்கு முந்தைய நாளே உட்கார்ந்து செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த ஜிமெயில், எந்த எண், எந்தக் கடவுச்சொல் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தையல் கடைக்காரப் பெண்மணிக்கு அந்தத் தாளை நானே எழுதிக் கொடுத்தேன். கடையில் பெயர் போட்டுத் தந்த அந்தப் புது ஜிமெயிலைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, பழைய கணக்கில் அவருடைய எண்ணையும் மகளின் எண்ணையும் மீட்பு எண்களாகச் சேர்த்தோம். பழைய போனை அவர் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கவில்லை. இப்போது அது தையல் இயந்திரத்தின் பக்கத்தில், சிம் இல்லாமல், அளவுப் படங்களின் இரண்டாவது நகலோடு இருக்கிறது.