கைக்கு எட்டாத கால்கள்: முதுமையில் பாதமும் நகமும்

முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த தொடக்க காலத்தில், வருகிறவர்களின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பேன், எடையைக் குறிப்பேன், மாத்திரைகளைச் சரிபார்ப்பேன். ஆனால் ஒருவரைக்கூடக் காலணியைக் கழற்றச் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை மாற்றியவர் 79 வயதான ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு மாதங்களில் மூன்று முறை வீட்டுக்குள்ளேயே தடுமாறி விழுந்திருந்தார். கண், காது, ரத்த அழுத்தம், மாத்திரைகள் என எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் பிடிபடவில்லை. சற்று நடந்து காட்டச் சொன்னபோது வலது பாதத்தை முழுவதும் ஊன்றாமல், வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தார். "காலைப் பார்க்கலாமா, அம்மா?" என்று கேட்டதும் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "வேண்டாம்மா, பார்க்கிற மாதிரி இல்லை" என்றார்.

பொறுமையாகப் பேசி, காலுறையைக் கழற்றினோம். பெருவிரல் நகம் பழுப்பேறித் தடித்து, ஆட்டுக்கொம்பு போல வளைந்து, பக்கத்து விரலின் மேல் படிந்திருந்தது. அதன் நுனி அழுத்திய இடத்தில் மிளகளவு புண். இடுப்பு மூட்டு தேய்ந்த பிறகு குனிய முடியவில்லை என்றும், ஒரு முறை கத்தரிக்கோலால் முயன்று சதையை வெட்டிக்கொண்டதாகவும், அதன்பின் விட்டுவிட்டதாகவும் சொன்னார். வீட்டில் அன்பான மகள் இருக்கிறாள். "இதைப் போய் அவளிடம் எப்படிக் கேட்பது?" என்பதுதான் அவருடைய கேள்வியாக இருந்தது.

வளர்ந்து கிடக்கும் கால் நகத்தைப் பார்த்ததும் சுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டுகிறோம். அது தவறு. தன் கால் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ள இடுப்பும் முழங்காலும் மடங்க வேண்டும். முதுகு வளைய வேண்டும். கண் அந்தச் சிறு விளிம்பைத் துல்லியமாகக் காண வேண்டும். நகவெட்டியை அழுத்தக் கையில் பிடிப்பு வேண்டும். குனிந்த நிலையில் மூச்சு வாங்காமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த வேலை நின்றுவிடும். நின்ற நாளை யாரும் குறித்து வைப்பதில்லை, பாதிக்கப்பட்டவரும் சொல்வதில்லை. ஆகவே "நகம் வெட்டுகிறீர்களா?" என்று நான் இப்போது கேட்பதில்லை; அதற்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக நகம் வெட்டியது எப்போது, வெட்டிவிட்டது யார்?" என்று கேட்கிறேன். பதில் வரத் தாமதமானால் காலுறையைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

வயது ஏறும்போது பாதத்தில் நிகழும் மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3.5 மி.மீ. வளர்கிறது என்றால், கால் நகம் 1.6 மி.மீ. அளவே வளரும், முதுமையில் அதுவும் குறையும். கால் பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். மெதுவாக வளரும் நகம், காலணியின் உராய்வையும் பழைய அடிகளையும் நெடுநாள் சுமந்து தடித்துவிடுகிறது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியில் மெத்தை போல இருக்கும் கொழுப்புத் திசு மெலிவதால், வெறுந்தரையில் நின்றாலே எலும்பு குத்துவதைப் போலிருக்கும். 26 எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் தளர்ந்து, பாதம் அகன்று நீளும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் குறைந்து தோல் வறளும்.

தடித்து மஞ்சளான நகம் எல்லாம் பூஞ்சைத் தொற்று என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நகச்சொத்தை என்று வருகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே உண்மையில் பூஞ்சை இருக்கும். மற்றவர்களுக்கு வயது, பழைய காயம், இறுக்கமான காலணி, சொரியாசிஸ் போன்றவை காரணமாக இருக்கலாம். ஆகவே நகத்துணுக்கை எடுத்துப் பரிசோதித்த பிறகு மருந்து தொடங்குவதே முறை. கால் நகப் பூஞ்சைக்குப் பெரும்பாலும் தரப்படும் டெர்பினாஃபைன் மாத்திரையை வழக்கமாக 12 வாரங்கள் சாப்பிட வேண்டியிருக்கும். கல்லீரல் நிலையையும் ஏற்கெனவே சாப்பிடும் மற்ற மருந்துகளையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மாத்திரை முடிந்த பிறகும் நகம் பழையபடியே தெரிவதால் பலர் மனம் தளர்கிறார்கள். தொற்று நீங்கியிருந்தாலும், கெட்டுப்போன பகுதி வளர்ந்து வெளியேற ஓராண்டுக்கு மேலாகும்.

நகம் வெட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் காணும் காயங்களில் பெரும்பாலானவை நல்லெண்ணத்தோடு, தவறாக வெட்டியதால் வந்தவை. குளித்த உடனே நகம் ஈரத்தில் இளகியிருக்கும். அந்த நேரமே உகந்தது. வெட்டிவிடுபவர் எதிரே தாழ்வான இருக்கையில் அமர்ந்து, முதியவரின் குதிகாலைத் தம் மடியில் ஒரு துண்டின் மேல் தாங்கிக்கொள்ள வேண்டும்; கால் அந்தரத்தில் தொங்கினால் தொடை நடுங்கும், கை தவறும். வெளிச்சம் விரலின் மேல் விழ வேண்டும். தடித்த நகத்துக்குச் சாதாரண நகவெட்டியின் வாய் போதாது. குறடு போன்ற வடிவில் நீண்ட கைப்பிடியோடு கிடைப்பதே உதவும். ஓர் ஓரத்தில் தொடங்கிச் சிறு சிறு கடிகளாக நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே அழுத்தில் முழு அகலத்தையும் வெட்ட முயன்றால் நகம் அடிவரை பிளந்துவிடும். விரல் நுனியின் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. மூலைகளைத் தோண்டவே கூடாது. தோண்டினால் அங்கே கூர்மையான ஒரு முள் மிச்சமாகி, நகம் வளர வளரச் சதைக்குள் இறங்கும். விரல் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுவதன் தொடக்கம் பெரும்பாலும் இதுதான். கூர்மையான மூலையை அரத்தால், ஒரே திசையில் தேய்த்து மழுக்கினால் போதும். நகவெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து உலர வைக்க வேண்டும். ஒருவருக்குரியதை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

அந்த ஆசிரியையின் நகத்தை ஒரே நாளில் சரிசெய்யவில்லை. பாதப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற எங்கள் மூத்த செவிலியர், முதல் நாள் நுனியை மட்டும் குறைத்து, பக்கத்து விரலின் அழுத்தத்தை நீக்கினார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அடுத்த இரண்டு வருகைகளில் தடிமனை அரத்தால் படிப்படியாகத் தேய்த்தார். பல ஆண்டுகள் சேர்ந்த நகத்தை ஒரே அமர்வில் அகற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவசரப்பட்டால் நகத்தடிச் சதை கிழியும்.

மேலே சொன்ன முறை எல்லோருக்கும் பொருந்தாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோரின் தடித்த நகங்களை வீட்டில் வெட்டக் கூடாது. பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும் என்பதால், சுத்தமான துணியால் இடைவிடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மரத்துப்போவது என்றால் எறும்பு ஊர்வது போலவோ எரிச்சலாகவோ தெரியும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அவர்களிடம் கேட்டால் கால் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள், ஏனென்றால் வலியே தெரிவதில்லை. காலணிக்குள் விழுந்த சட்டைப் பொத்தானின் மேல் ஒரு பகல் முழுவதும் நடந்துவிட்டு, மாலையில் காலுறையில் ரத்தக் கறையைப் பார்த்து வியந்தவர் ஒருவருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மருத்துவமனையில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் இதைச் சோதிப்போம். வீட்டிலும் எளிதாகப் பார்க்கலாம்: முதியவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடிகள் மெல்லத் தொடுங்கள், அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். தொடுவதை உணரும்போதெல்லாம் வலது, இடது என்று சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் உருவான இந்தச் சோதனைக்கு இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

அப்படி உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரில் காலை ஊற வைப்பதையும், வெந்நீர்ப் பை வைப்பதையும் விட்டுவிட வேண்டும். சுடுகிறது என்பது தெரியாமலேயே தோல் வெந்துவிடும். கழுவும் நீரைப் பாதத்தால் சோதிக்காமல் முழங்கையால் சோதிக்க வேண்டும். தினமும் ஒரு முறை பாதத்தின் மேல், அடி, விரலிடுக்கு என எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், கண் மங்கியவர்களுக்கு வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காலணி அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

ரத்த ஓட்டக் குறைவின் அடையாளங்கள் வேறு. சற்றுத் தொலைவு நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். முடி உதிர்ந்து தோல் பளபளக்கும். ஒரு கால் மற்றதைவிடச் சில்லென்றிருக்கும். படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்று யாராவது சொன்னால், அதை வயதின் வலி என்று ஒதுக்காமல் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு நன்றாக வேலை செய்யும். குளித்துத் துவட்டிய உடனே குதிகாலிலும் அடிப்பாதத்திலும் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கித் தோல் ஊறிப்போகும். குறிப்பாகச் சுண்டுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் இடையே தோல் வெளுத்து, ஊறி, அரிக்கும் சேற்றுப்புண் அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து, கால் முழுவதும் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கழுவிய பின் ஒவ்வோர் இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துவதே இதற்கான முதல் மருத்துவம்.

கால் ஆணியும் காய்ப்பும் அழுத்தத்தால் வருபவை. பிளேடால் சீவினாலும் அழுத்தம் நீங்காதவரை திரும்ப வரும். கடைகளில் விற்கும் ஆணிப் பட்டைகளில் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும். ஆகவே முதலில் காலணியைப் பாருங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின் மேல் முதியவரை நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அவர் அணியும் காலணியை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். காலணிக்கு வெளியே கோடு தெரிந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. 30 ஆண்டுகளாக ஒரே அளவைக் கேட்டு வாங்குகிறவர்கள், பாதம் வளர்ந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இந்தத் தாளைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறார்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம், தாழ்ந்து அகன்ற குதி, குதிகாலை அசையாமல் பிடிக்கும் பின்பகுதி, வழுக்காத அடி, கட்டவோ ஒட்டவோ பட்டை ஆகியவை இருக்க வேண்டும். வழவழப்பான தரையில் வெறும் காலுறையோடு நடப்பது விழுவதற்கு வழி.

நகத்துக்கு அடியில் காணும் கருமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கறை நகத்தோடு சேர்ந்து மெல்ல முன்னே நகரும். நகராமல் இருப்பதும், அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடும், நகத்தைச் சுற்றிய தோலில் பரவும் கருமையும் மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது அதுவே. முதலில் கால்பந்தாட்டத்தில் பட்ட அடியாகத்தான் கருதப்பட்டது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

இவற்றையெல்லாம் செய்ய முன்வரும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முதியவரின் காலைத் தொடும்போது முகம் சுளிக்காதீர்கள், "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் அவர்கள் சொல்லாமல் இருந்தார்கள். மறதி நோய் முற்றியவர்களால் வலியைச் சொல்லவே முடியாது. திடீரென்று நடக்க மறுப்பது, காலணி போடும்போது கத்துவது, ஒரு காலை மட்டும் இழுத்துக்கொள்வது போன்றவை அவர்கள் சொல்லும் விதம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் பத்து விரல்களையும் முடிக்க வேண்டியதில்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு என்று வெட்டலாம்.

ஆசிரியையின் மகள் இப்போது ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அம்மா குளித்துவிட்டு வந்ததும் மடியில் துண்டு விரித்து உட்கார்ந்துவிடுகிறாராம். சென்ற முறை வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே ஆசிரியை காலணியைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டி வைத்திருந்தார்.