நமஹாகே சுரண்ட வரும் தழும்பு

ஜப்பானின் அகிதா மாகாணத்தில் உள்ள ஓகா தீபகற்பத்தில், டிசம்பர் 31 இரவு நமஹாகே என்ற பூத வேஷம் வீடு புகும். கோர முகமூடி, வைக்கோல் அங்கி, கையில் மரக்கத்தி. "அழுற பிள்ளை இருக்கா? சோம்பேறி இருக்கா?" என்று கூச்சல் வேறு. குளிர்காலம் முழுக்க அடுப்போரமே கிடந்தவர் காலில் 'நமோமி' என்ற தழும்பு விழும். கத்தி அதைச் சுரண்டத்தான்.

பூதம் வேஷம், தழும்பு நிஜம். தரையில் சதுரமாகக் குழித்த இரோரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் கணைக்கால்தான் தணலைப் பார்த்திருக்கும். தோல் 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும், கொப்புளிக்காது. ஆனால் வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் உள்தோலில் வலையாக ஓடும் நுண் ரத்தக்குழாய்கள் விரிந்து, சிவப்பணுக்கள் கசிகின்றன. அவற்றின் இரும்பு அங்கேயே படிய, மெலனினும் கூடுகிறது. முதலில், அழுத்தினால் மறையும் சிவப்பு. பிறகு, அழுத்தினாலும் மறையாத பழுப்பு வலை. நிறம் உள்ளே இருப்பதால் எந்தக் கத்திக்கும் வராது. சூட்டை விட்டு விலகினால் புதுத் தழும்பு சில மாதங்களில் மங்கும். பல ஆண்டுத் தழும்பு நிலைத்துவிடலாம், அபூர்வமாகப் புற்றாகவும் மாறலாம். மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பவர்களின் தொடையிலும் இதே வலையைத் தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

வீட்டுச் சடங்கு வெளியாருக்கு எளிதில் காணக் கிடைக்காது. பிப்ரவரி இரண்டாம் வார இறுதியில் ஷின்சான் கோயிலில் நடக்கும் செடோ விழாவுக்குப் போகலாம். கோயிலின் ஜனவரி 3 தீச்சடங்கையும் நமஹாகேயையும் சேர்த்து 1964இல் தொடங்கியது. தொன்மையானது என்று யாராவது சொன்னால், அது வீட்டுச் சடங்குக்குத்தான் பொருந்தும். தீப்பந்தங்களோடு பனிமலையிலிருந்து பூதங்கள் இறங்கி வருவதுதான் உச்சம்.

கோயில் முற்றத்துப் பெருந்தீயை நம்பிக் குறைவாக உடுத்திப் போகாதீர்கள். சூடான காற்று மேலே போய்விடும். நம்மை எட்டுவது அகச்சிவப்புக் கதிர், அதுவும் நேர்கோட்டில். முகம் வேகும்போதே முதுகு விறைக்கும். முன்னால் ஒருவர் வந்து நின்றால் அதுவும் போச்சு. தூரம் இரு மடங்கானால் சூடு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். நைலான் ஜாக்கெட்டில் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். மேலே கம்பளி போடுவது நல்லது, அது சட்டென்று பற்றாது. மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடியாகிவிடும், அடிப்பாகம் சொரசொரப்பான பூட்ஸ் வேண்டும்.

பூதத்தின் 'கெதே' அங்கி நெல் வைக்கோல். தாளுக்குள் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கும். அதே காற்றுதான் பொறி பட்டால் நெருப்பையும் வளர்க்கும். அதிலிருந்து உதிரும் வைக்கோலை நோய் தீர்க்கும் என்று தலையில் கட்டிக்கொள்வார்கள். தானாக உதிர்ந்தால்தான் பலன், பிடுங்கக் கூடாது.