கையெட்டும் பல்புக்கு ஏன் இத்தனை சுற்று?

வீட்டுச் சாதனங்களை நெட்வொர்க்கில் இணைத்துக் கொடுப்பது என் வேலை. அடிக்கடி வரும் புகார் இதுதான்: "இன்டர்நெட் போயிட்டா லைட்டே எரிய மாட்டேங்குது சார்."

பல்பில் கோளாறு இருக்காது. போனில் பட்டனைத் தொட்டதும் கட்டளை ரவுட்டரைத் தாண்டி, எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய், திரும்பி வந்துதான் பல்பை எழுப்புகிறது. நாளை அந்த சர்வரை மூடிவிட்டால் ஸ்மார்ட் பல்பும் சாதா பல்புதான்.

சாதனங்கள் கம்பியில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ போன்ற அமைப்பில் இந்தத் தொல்லை குறைவு. எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் ஹப் என்ற பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும். கரன்ட்டில் ஓடும் பல்பும் பிளக்கும் பக்கத்துச் சாதனத்தின் செய்தியை வாங்கிக் கடத்திவிடும். பேட்டரி சென்சார் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பதால் அதற்கு இந்த வேலை இல்லை.

சரி, தகவல் வீட்டுக்குள்ளேயே சுற்றினால் பத்திரம்தானே? அப்படி நினைத்த ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் வைத்திருந்தது எம்க்யூடிடி புரோக்கர், அதாவது எம்க்யூடிடி முறையில் சாதனங்களின் செய்திகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் மென்பொருள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கிய முறைதான் எம்க்யூடிடி. அறிவிப்புப் பலகை மாதிரி: சென்சார் ஒரு தலைப்பின் கீழ்ச் செய்தியை ஒட்டும், அந்தத் தலைப்புக்குச் சந்தா வைத்தவருக்கெல்லாம் அது போய்ச் சேரும்.

அவருடைய புரோக்கருக்குப் பாஸ்வேர்டே இல்லை. வைஃபையில் என் லேப்டாப்பை இணைத்து, தலைப்பு கேட்ட இடத்தில் வெறும் ஹேஷ் குறி (#) போட்டேன். எல்லாத் தலைப்பும் வேண்டும் என்று அதற்குப் பொருள். வாசல் கதவு திறந்தது, படுக்கையறையில் ஆள் நடமாட்டம், வாஷிங் மெஷின் நின்றது என்று வரிவரியாக ஓடியது. பக்கத்தில் நின்று பார்த்தவர், "நான் எப்ப வெளிய போறேன்னு இதுலயே தெரிஞ்சிடுமே!" என்றார். தெரியும்தான்.

அன்றே பாஸ்வேர்டு போட்டு, செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் குறியாக்கம் இல்லாத 1883 போர்ட்டிலிருந்து (இணைப்பு வாசல்) குறியாக்கம் உள்ள 8883க்கு மாற்றினேன். பல்புக்குக் கதவின் செய்தி எதற்கு? ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி அனுமதியும் கொடுத்தேன்.

கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விடுகிறவர்களிடம் 2016இன் மிராய் கதையைச் சொல்வேன். அறுபதுக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் கூட்டங்கூட்டமாகப் பிடித்த வைரஸ் அது. பிடிபட்ட அந்தச் சாதனப் பட்டாளம் அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரே பலருக்குத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் ரவுட்டரின் வெளி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்காரரைச் சுவிட்சைப் போடச் சொல்கிறேன். எரியாதவற்றை அங்கேயே எழுதி அவர் கையில் கொடுத்துவிடுவேன்.