கட்டிலுக்குக் கீழே ஒரு ஐ.சி.டி. பாட்டில்

நுரையீரல் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருகிறவரின் விலாவிலிருந்து ஒரு ட்யூப் (ஐ.சி.டி., அதாவது விலா எலும்புகளுக்கு நடுவே போடும் வடிகுழாய்) இறங்கி, கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டில் தண்ணீருக்குள் முடியும். ரத்தம் வடியத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கூட இருப்பவர்கள் நினைப்பார்கள். அது பாதிதான் சரி, மீதி வேலை அந்தத் தண்ணீருடையது.

நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அந்த இழுப்பில்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. நெஞ்சைத் திறந்ததும் காற்று புகுந்துவிடும், நுரையீரல் சுருங்கிப்போகும். புகுந்த காற்று வெளியேற வேண்டும், திரும்ப நுழையக் கூடாது. அதற்காக ட்யூபின் முனையைத் தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்க வைக்கிறார்கள். இருமினால் காற்று குமிழியாக வெளியே போகும். மூச்சை இழுத்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் கொஞ்சம் மேலேறி நிற்கும், ஸ்ட்ராவில் இளநீர் ஏறுகிற மாதிரி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ப்யூலாவ் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்துகாட்டிய முறை இது.

அதனால் நர்ஸ் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிறதா என்பதைத்தான். சக்‌ஷன் (உறிஞ்சும் கருவி) போடாதபோது அசைவு நின்றால், நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது என்று அர்த்தம், இல்லையென்றால் ட்யூப் எங்கோ அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே நின்று, நோயாளிக்கு மூச்சும் வாங்கினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ட்யூப் மடங்கி அவர் முதுகுக்கடியில் கிடக்கிறதா, ரத்தக்கட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இருமும்போது குமிழி வந்தால் பயமில்லை. விடாமல் கொப்பளித்தால் இணைப்பு எங்காவது தளர்ந்திருக்கலாம், அல்லது நுரையீரலிலிருந்தே காற்று கசியலாம்.

குமிழி வரும் ட்யூபை, அதுதான் பத்திரம் என்று நினைத்து, கிளாம்ப் போட்டு அடைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தப்பு. கசியும் காற்று போக வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து, இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போகும்போது பாட்டிலைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பதும் அப்படித்தான், வடிந்ததெல்லாம் நெஞ்சுக்குள் திரும்பி ஓடும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான். இணைப்பு கழன்றுவிட்டால் பதறாமல் முனையை ஸ்டெரைல் தண்ணீரில் முக்கினால் போதும், அப்புறம் புது பாட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, மட்டத்தையும் நேரத்தையும் குறித்து வைப்பார்கள். மணிக்கு 100 மி.லி.க்கு மேல் ரத்தம் வந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நன்றாக வடிந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றாலும் சொல்ல வேண்டும், முக்கியமாக இதய ஆபரேஷனுக்குப் பிறகு.

இவ்வளவுக்கும் நடுவே வலி மருந்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி தேங்கும், நுரையீரல் விரியாது. மருந்து கொடுத்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னால், மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூச்சை இழுக்கச் சொன்னால் செய்வார்.

குமிழி நின்று, வடிவதும் குறைந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்து தெரிந்தால் ட்யூபை எடுப்பார்கள். மூச்சை அடக்கி முக்கச் சொல்லி ஒரே இழுப்பில் உருவி, தையலை இறுக்குவார்கள். அடுத்த சில மணி நேரம் மூச்சுத் திணறுகிறதா, காயத்தைச் சுற்றித் தோலைத் தொட்டால் நறநறவென்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.